கலையாத சபையும் மிஞ்சிய மருந்தும்

தாயில்பட்டி டீக்கடைக்கு அந்தச் சேதியைக் கொண்டுவந்தவர் ஒரு லாரி டிரைவர். நாக்பூரில் லோடு இறக்கிய இடத்தில் ஒரு வியாபாரி சொன்னாராம். வியாபாரிக்கு டெல்லியில் இருக்கிற மச்சினன் சொன்னானாம். மக்களவையைக் கலைக்கப் போகிறார்கள், தீபாவளி முடிந்த கையோடு தேர்தல். 2008 ஜூலை மாதம் அது.

கேட்ட சந்தோஷத்தில் முனியராஜ் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் அவன் போர்மேன். ஊரில் மற்றவர்கள் பங்குனிப் பொங்கலை வைத்து வருஷத்தைச் சொன்னால், அவன் தேர்தலுக்குப் பின்னிய சரங்களை வைத்துச் சொல்வான். தொண்ணூற்றாறு தேர்தல் சீசனில்தான் அங்கே திரி வெட்டிக்கொண்டிருந்த வேல்விழியைக் கட்டினான். ஐந்து வருஷம் இருக்க வேண்டிய, அப்போது அமைந்த மக்களவை இரண்டு வருஷம்கூட நிற்கவில்லை. தொண்ணூற்றெட்டில் மறுபடி தேர்தல். மகள் ஓவியா பிறந்தாள். அந்தச் சபையும் மறுவருஷமே கலைந்தது. ஓட்டுக்கூரை போய்க் காரைவீடு வந்தது. அடுத்ததும் ஆயுசு முடியச் சில மாதம் இருக்கையில் கலைய, இரண்டாயிரத்து நாலில் போர்மேன் ஆனான். அவனுக்கு நடந்த நல்லதெல்லாம் ஏதோ ஒரு சபை கலைந்த புண்ணியம்தான்.

முதலாளி சங்கரலிங்கத்துக்கும் மக்களவைதான் சபை. மாநிலங்களவையை அவர் மதிப்பதே இல்லை. அது கலைவது கிடையாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் இறங்க, வேறு ஆட்கள் ஏறுவார்கள். ஓட்டுப் போடுவதும் எம்.எல்.ஏ.க்கள். அதில் ஜெயித்தவன் வாசலில் எவன் ஆயிரம் வாலா கொளுத்தினான் என்று கேட்பார்.

செவ்வாய்க்கிழமை டெல்லியில் நம்பிக்கை வாக்கெடுப்பு. அரசு தோற்கும், சபை கலையும் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். பிற்பகலில் கம்பெனிக்கு வந்தபோது கலந்த வெடிமருந்து இரண்டு தட்டு மிஞ்சியிருந்தது. அன்றன்றைக்கு மிஞ்சுவதைக் குழியில் கொட்டி அழித்துவிட்டுத்தான் மருந்தறையைச் சாத்த வேண்டும். முனியராஜ் ஒருநாளும் அதை மீறியதில்லை.

"ஏலே, அத அழிக்காத. பூட்டி வையி. தோத்துட்டாகன்னா விடிஞ்சதும் சரத்த ஆரம்பிக்கணும்ல."

"ராத்திரி வைக்கக்கூடாது அண்ணாச்சி. வானம் வேற மூடிக்கிட்டு வருது."

"ஒரு ராத்திரியில மருந்து என்னலே செஞ்சிரும்? அடுத்த சபைக்கும் நீ போர்மேனா இருக்க வேண்டாமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முனியராஜும் சிரித்துவிட்டுப் பூட்டினான்.

பேக்கிங் அறை வாசலிலிருந்து வேல்விழி பார்த்துக்கொண்டிருந்தாள். தீபாவளி லோடுக்காக அவளும் இன்னும் நாலு பெண்களும் ராத்திரி ஒன்பது மணிவரை இருப்பதாக ஏற்பாடு.

"சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க," என்றாள்.

"ஒஞ் சோலியப் பாரு." சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு முதலாளியின் காரில் ஏறினான். முடிவு தெரிந்ததும் எந்த ரகம், எம்புட்டு என்று பேசி முடிக்க, அவனைத் தன் விருதுநகர்க் கடைக்குக் கூட்டிப்போனார்.

ராத்திரி எட்டு மணிவாக்கில் கடை டிவியில் முடிவு வந்தது. அரசு ஜெயித்துவிட்டது. சபை கலையாது, ஐந்து வருஷத்தையும் ஓட்டிவிடும். சங்கரலிங்கம் டிவியை அணைத்தார். இனித் தேர்தல் அடுத்த வருஷம் சித்திரையில்தான் என்று முனகினார்.

டிவிச் சத்தம் நின்ற பிறகுதான் வாசல் தகரத்தில் தூறல் விழுவது கேட்டது. கம்பெனி இருக்கிற தெற்குப் பக்கம் மின்னியது. முனியராஜின் கை இடுப்புக்குப் போனது. அந்த மருந்தில் அலுமினியத் தூள் இருந்தது; ஈரக்காற்று பட்டாலே தன்னால் சூடேறி வெடித்துவிடும். மருந்தறையின் வடக்குச் சன்னல் ஒழுங்காகச் சாத்தாது. அதற்கு அடுத்த கட்டடம் பேக்கிங் அறை.

"அண்ணாச்சி, அங்கன மழையா இருக்கும்."

சங்கரலிங்கம் போனை அவன் பக்கம் தள்ளினார். "மொதல்ல பொம்பளைகள வெளிய அனுப்பச் சொல்லு."

கம்பெனிக்குள் செல்போன் கூடாது. இருக்கிற ஒரே போன் வாசல் கேட்டில், வாட்ச்மேன் ராக்கப்பனிடம். மணி அடித்து அடித்து நின்றது. முனியராஜ் மறுபடி சுழற்றினான்.

"ராக்கப்பன் பொம்பளைகள வேன்ல ஏத்திவிடக் கேட்டுக்குப் போயிருப்பாம்லே," என்றார் சங்கரலிங்கம்.

போன் இருப்பதே கேட்டில்தான். அவருக்கும் அது தெரியும். டிரைவரைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார். முனியராஜ் சாவியை உள்ளங்கையில் இறுக்கியபடி நின்றான். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.