ஆண்டுக்கு ஒரு வரி

சமையலறைச் சுவரில் தொங்கிய பழைய வேலை அட்டவணையைக் கழற்றி, அதன் வெறும் பக்கத்தில்தான் போலந்து அக்கா முதன்முதலில் ஆண்டுகளை வரிசையாக எழுதிக் காட்டினார். பாரிஸில் மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்து அலுவலக உணவகமொன்றில் நாங்கள் இருவரும் பாத்திரம் கழுவினோம். அவர் தன் நாட்டில் வரலாறு படித்தவர். நான் வன்னியிலிருந்து வந்து, அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டு நின்றவள். நான் சொன்ன ஆண்டுகள் முரணாக இருக்கின்றன என்று நிராகரிப்புக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். மேல்முறையீடு ஒன்றுதான் மிச்சம்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அகதி வழக்குகளுக்கு எழுதிக் கொடுக்கும் அண்ணை ஒருவர் என் விபரங்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். என் கணவரை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனதற்கு அடுத்த ஆண்டைப் பற்றி என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

"வெறுமையா விட்டா நம்பமாட்டினம், தங்கச்சி. உம்மையும் பிடிச்சு விசாரிச்சவங்கள் எண்டு போடுவம். ஆர் போய்ப் பாக்கப் போகினம்?"

அவர் கெட்டவர் அல்ல. பயத்தில் நானும் "ஓம்" என்றுவிட்டேன். மறுநாள் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அதை அக்காவிடம் சொன்னபோது அவர் கையுறைகளைக் கழற்றி வைத்தார்.

போலந்தின் பழைய வரலாற்றைத் துறவிகள்தான் எழுதினார்களாம். ஈஸ்டர் நாளைக் கணிக்கும் அட்டவணையின் ஓரத்தில், ஆண்டுக்கு ஒரு வரி. ஓர் ஆண்டில், செக் நாட்டு இளவரசி வந்தாள். அடுத்த ஆண்டில், அவளை மணந்த அரசன் ஞானஸ்நானம் பெற்றான். பல ஆண்டுகளுக்கு எதிரே எதுவுமில்லை.

"அந்த வெறுமையைப் பார்த்துத்தான் மற்ற வரிகளை நான் நம்புகிறேன். தெரியாததை எழுதாதே. ஆண்டை எழுது, இடத்தை விடு," என்றார்.

மதிய இடைவேளைகளில் எழுதினோம். பள்ளிக்கூடக் கூரை எரிந்தது, அப்பா இறந்தது, மூன்றாம் முறை இடம்பெயர்ந்தது. தங்கை பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்கை வைத்துப் பார்த்தபோது, முதல் விசாரணையில் இரண்டு ஆண்டுகளை நான் மாற்றிச் சொன்னது பிடிபட்டது. அண்ணையிடம் போய் அந்தப் பொய் வேண்டாம் என்றேன். "பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது," என்றார்.

மேல்முறையீட்டு விசாரணையில் நீதிபதி விரல் வைத்தது அந்த வெறும் ஆண்டின் மீதுதான். ஏன் இது காலியாக இருக்கிறது என்று கேட்டார்.

"அந்த வருசம் நான் உயிரோட இருந்தனான். அது மட்டும்தான் தெரியும். தெரியாததைச் சொல்லமாட்டன்."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் நீதிபதி விரலை அடுத்த ஆண்டுக்கு நகர்த்தினார்.

வழக்கை ஏற்றுக்கொண்ட கடிதம் வந்தபோது அக்கா போலந்துக்குத் திரும்பியிருந்தார். இன்று பாரிஸ் புறநகரான கார்ஜ் லே கொனெஸில் எனக்கென்று ஒரு வீடு இருக்கிறது, உத்தியோகம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் ஒரு வரி எழுதுகிறேன். ஆனால் கடிதம் வந்த அன்று தொலைபேசியில் அக்காவின் குரலைக் கேட்டதும் அழுகைதான் வந்தது. அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"இந்த ஆண்டுக்கு என்ன எழுதப் போகிறாய்?"

"உள்ளதைச் சொன்னேன். நம்பினார்கள்."

"அது இரண்டு வரி," என்று சிரித்தார்.

இருக்கட்டும் என்றேன்.