சித்தப்பாவின் நெற்றி

எங்கள் சித்தப்பா தூங்கும்போது மட்டும்தான் பக்திமான். விழித்திருக்கிற நேரத்தில் அவருக்குச் சாமி கிடையாது, பூதம் கிடையாது, ராகுகாலம் எமகண்டம் எதுவும் கிடையாது. அதனால் அத்தை, அவர் உண்ட மயக்கத்தில் அசந்து கிடக்கிற மத்தியான வேளையாகப் பார்த்துத் திருநீற்றுக் கிண்ணத்தோடு வந்து, நெற்றியில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுப் போவாள். எழுந்ததும் அவர் முதல் வேலையாகத் துண்டை எடுத்து நெற்றியைத் துடைப்பார். சோறு பொங்குவது போல இதுவும் எங்கள் வீட்டில் நாள் தவறாமல் நடந்தது. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அத்தை, சித்தப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் மூத்தவள். அத்தையின் வீட்டுக்காரரான மாமாவும் அப்பாவும் ஒரே ஏஜெண்டைப் பிடித்து சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். குத்தாலத்துக்குப் பக்கத்து ஊரில் இருந்த அத்தை வீட்டில் அத்தை, அம்மா, சித்தப்பா, நான் என்று நாலு பேர் மிச்சம். வீட்டுக்கு ஒருத்தராவது விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. சித்தப்பா ஏறவில்லை. பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி, வாடகைக்கு உழுதுகொண்டிருந்தார்.

சாமி இல்லை என்று சொன்னதற்கு ஊர் அவரிடம் விலை வாங்காமல் விடவில்லை. சித்திரையில் வருஷத்தின் முதல் உழவு உழும்போது அவர் டிராக்டரை யாரும் கூப்பிட மாட்டார்கள், விளங்காதாம். மறுநாளிலிருந்து கூப்பிடுவார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், "பையன் தங்கமான பையன்தான். சாமி கும்பிடாத வீட்டுல எங்க பொண்ணு எப்படிங்க விளக்கேத்தும்?" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் அத்தை உஷாராக, "வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போவான்" என்று அளந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, "போக மாட்டேங்க" என்றார். அங்கேயும் காபியோடு சரி.

இந்த நிலையில்தான் நிலத்துத் தகராறு வந்தது.

அத்தை பாடுபட்டது குத்தகை நிலத்தில். மாமாவின் அப்பா காலத்திலிருந்து வாய்ப்பேச்சுக் குத்தகை, ரசீது என்று எதுவும் கிடையாது. அறுவடை ஆனதும் குத்தகை நெல்லைச் சித்தப்பாவின் டிராக்டரில் ஏற்றி நிலத்துக்காரர் வீட்டில் இறக்குவார்கள், அவ்வளவுதான் கணக்கு. நிலம் தார்ரோட்டை ஒட்டி இருந்ததுதான் வினையாகப் போயிற்று. ரோட்டோரத்து வயலில் கல் நட்டு மனை போட்டு விற்கிற பழக்கம் எங்கள் பக்கம் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. "உழறவன் சிங்கப்பூர் போயாச்சு. அப்பலேர்ந்து நான்தான் ஆள் வச்சு சாகுபடி பண்றேன். அந்தம்மா சும்மா வரப்புல நின்னு வேடிக்கை பாத்துச்சு" என்று நிலத்துக்காரர் சொல்ல ஆரம்பித்தார். அடப்பாவி! அத்தையின் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் ஆறாத நாளை நான் பார்த்ததே இல்லை.

அந்த வயல் போனால் அத்தைக்கு வேறு பிழைப்பு கிடையாது. மாமா திரும்பி வந்தாலும் இறங்கி நிற்க இடமிருக்காது. அத்தை நட்டதையும் அறுத்ததையும் ஊரே பார்த்திருந்தது. ஆனால் ஊரில் எல்லோருக்கும் நிலத்துக்காரரிடம் ஏதாவது ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. வாய் திறக்க மிச்சமிருந்தவர் சித்தப்பா ஒருவர்தான்.

மாரியம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியது. நிலத்துக்காரர் மகா கெட்டிக்காரர். "தம்பி சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணட்டும். இந்த நிமிஷமே நிலத்தை விட்டுடறேன்" என்றார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை. சித்தப்பா அதைச் செய்ய மாட்டார் என்று தெரிந்துதான் அந்த மனிதர் அப்படிக் கேட்டார்.

தட்டில் சூடம் கொழுந்துவிட்டு எரிந்தது. சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு இல்லாத சாமி மேல சத்தியம் பண்ணினா, அதுதாங்க நான் சொல்ற முதப் பொய். அந்த வயலை உழுதது நான். எங்கக்கா நட்டு, களையெடுத்து, அறுத்ததைப் பாத்தது நான். நெல்லை உங்க வீட்டுல எறக்கினது நான். இதைச் சும்மாவே சொல்றேன், கேட்டுக்குங்க."

"சாமிக்கே பயப்படாதவன் பேச்சை எதை வச்சு நம்பறது?" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. அதையே பஞ்சாயத்தின் முடிவாக வைத்துக்கொண்டு எல்லோரும் துண்டை உதறி எழுந்துவிட்டார்கள். யாரும் அணைக்காத சூடம் தானாக அடங்கியது.

"ஒரு நிமிஷம் கையை வச்சு எடுத்தா என்னடா? சாமி என்ன கடிச்சா வச்சிடும்?" என்று அத்தை வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். நான் முழுக்க முழுக்க அத்தை கட்சி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு பாக்கெட் சூடத்தை நானே அணைத்திருப்பேன்.

விஷயம் மயிலாடுதுறை கோர்ட்டுக்குப் போயிற்று. எங்கள் வக்கீல், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை போட்ட ஓர் அம்மா. அத்தைக்கு ஒரே கவலைதான்.

"அங்கயும் சாமி மேலதானேம்மா சத்தியம் கேப்பாங்க? இவன் மாட்டேம்பானே!"

"கடவுள் அறியன்னும் சொல்லலாம், உளமார உறுதி சொல்றேன்னும் சொல்லலாம்மா. சட்டத்துல ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் வக்கீலம்மா. "நான் ஆண்டவரைச் சொல்லுவேன், நீங்க மாரியம்மனைச் சொல்லுவீங்க, உங்க தம்பி யாரையும் சொல்ல மாட்டார். அதுக்காக அவர் சாட்சி எடை கொறைஞ்சு போயிடாது."

அத்தை பலமாகத் தலையாட்டினாள். அவ்வளவு பலமாக அவள் தலையாட்டினால் நம்பவில்லை என்று அர்த்தம்.

சாட்சி சொல்கிற நாள் வந்தது. பெண் துணை வேண்டும் என்று அத்தை என்னையும் கிளப்பினாள். பள்ளிக்கூடத்தில் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியாயிற்று. உண்மையைச் சொல்லப் போகிற குடும்பம் இப்படி ஒரு பொய்யோடுதான் பஸ் ஏறியது. சித்தப்பாவின் வெள்ளைச் சட்டையை அத்தையே தேய்த்து, பையில் புதுக் கைக்குட்டை ஒன்றையும் மடித்து வைத்திருந்தாள். "கோர்ட்டுக்கெல்லாம் துண்டோட போவக் கூடாதுடா" என்றாள். பிறந்ததிலிருந்து கைக்குட்டையே கண்டிராத சித்தப்பா அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கோர்ட்டில் மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை. கூண்டில் ஏறிய சித்தப்பாவிடம் குமாஸ்தா "கடவுள் அறிய..." என்று எடுத்துக் கொடுத்தார். "உளமாரன்னு சொல்லிக்கிறேங்க" என்றார் சித்தப்பா. அத்தை என் கையை நசுக்கினாள். குமாஸ்தாவோ, டீக்குப் பதில் காபி கேட்டது போல, "சரி, உளமார..." என்று மாற்றிச் சொன்னார். இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் சித்தப்பா பதில் சொன்னார்.

அடுத்து எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். சித்தப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. பையிலிருந்து கைக்குட்டையை உருவி, உதறாமல் கொள்ளாமல் முகத்தை அழுந்தத் துடைத்தார். கையை எடுத்தபோது நெற்றி முழுக்க வெள்ளை வெளேரென்று இருந்தது, புருவத்தில்கூட. மாரியம்மன் கோயில் திருநீற்றைக் கைப்பிடி அளவு உள்ளே வைத்து மடித்திருந்தாள் அத்தை.

எதிர்க்கட்சி வக்கீலுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

"கடவுள் பேரைச் சொல்ல மாட்டேன்னு இப்பதான் உறுதி எடுத்தீங்க. நெத்தி நெறையத் திருநீறு! சூடம் அணைக்கச் சொன்னா மட்டும் நாத்திகர், அப்படித்தானே? பொய்ச் சத்தியத்துக்குப் பயந்து போட்ட வேஷம்தானே இது?"

சித்தப்பா கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். 'எங்கக்கா வேலைங்க' என்று சொன்னால் போதும், தப்பித்துவிடுவார். அத்தனை பேர் முன்னால் அக்காவைக் காட்டிக்கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை. முன்பெஞ்சில் நிலத்துக்காரர் கால் மேல் கால் போட்டுக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அத்தை எழுந்துவிட்டாள்.

"ஐயா! அது நான் வச்சதுங்க! அவனுக்குத் தெரியாதுங்க!"

"உக்காரும்மா!" என்று குமாஸ்தா அதட்டினார். அத்தையா உட்காருகிறவள்?

"அவன் சாமி கும்பிட மாட்டான்யா! மீசை மொளைச்ச நாள்லேர்ந்து கும்பிட்டதில்ல. பொண்ணு தர மாட்டேன்னாங்க, அப்பவும் கும்பிடல. என் வயலு போவுதேன்னு அழுதேன், அப்பவும் கும்பிடல. மாரியம்மன் சத்தியமா சொல்றேன், அவன் நெசமாவே சாமி இல்லாதவன்யா!"

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். நிமிர்ந்தபோது முகம் கண்டிப்பாகத்தான் இருந்தது.

"உக்காருங்கம்மா. இன்னொரு தடவை எழுந்தா வெளிய அனுப்பிடுவேன்." பிறகு அந்த வக்கீல் பக்கம் திரும்பினார். "சாட்சி எந்தச் சாமியைக் கும்பிடறார், கும்பிடலைங்கிறது இங்க கேள்வி இல்ல. உறுதி எடுத்திருக்கார், அது செல்லும். நிலத்தைப் பத்திக் கேளுங்க."

அப்பாடா! அத்தை பொத்தென்று உட்கார்ந்தாள். கல்யாணத் தரகர்களிடம் இத்தனை நாள் மூடி மூடி மறைத்ததைக் கோர்ட்டில் கூவிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூண்டில் நின்ற சித்தப்பா, வெள்ளைப் புருவத்தோடு, நிலத்தைப் பற்றிக் கேட்டதற்கு நடந்ததை நடந்தபடி சொன்னார். அதில் அசைக்க எதிர்க்கட்சிக்கு எதுவும் கிடைக்கவில்லை.

வாய்தா மேல் வாய்தாவாக இழுத்து, ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது. சாகுபடி செய்தது அத்தைதான், நிலத்துக்காரர் வயலில் இறங்கக் கூடாது என்று வக்கீலம்மா சொன்னார்.

"அப்ப நான் நாத்து விடலாமாம்மா?" என்றாள் அத்தை.

"விடுங்கம்மா."

"நெசமாவா?"

"நெசமாத்தாம்மா. போய் விடுங்க."

கோர்ட்டுப் படியிலேயே உட்கார்ந்து அத்தை அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். சித்தப்பா எங்களுக்குப் புதிதாக வந்திருந்த கறுப்புக் கோலா வாங்கிக் கொடுத்தார். "கஷாயமாட்டம் இருக்கு" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே அத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்குப் பொங்கல். டிராக்டரில் எங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சித்தப்பா வாசலிலேயே எங்கள் செருப்புகளுக்குக் காவலாக நின்றுகொண்டார். பஞ்சாயத்தன்று கையைக் கட்டிக்கொண்டு நின்ற அதே இடம். பூசை முடிந்து, ஒரு கையில் வாழையிலைப் பொங்கலும் மறு கை நிறையத் திருநீறுமாக அத்தை வெளியே வந்தாள். பொங்கலைச் சித்தப்பாவின் இரண்டு கையிலும் வைத்தாள். இனி அவரால் தடுக்க முடியாது. நல்ல சமயம்! நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அத்தை அவர் நெற்றியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு திருநீற்றை என் நெற்றியில் பூசி, மிச்சத்தைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அத்தை, சித்தப்பாவுக்கு வைக்கலியா?"

"அவனுக்கு வேணாம்டி. நீ வண்டியில ஏறு."

அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கப்புறம் ஒரு மத்தியானம்கூட அவள் கிண்ணத்தை எடுக்கவில்லை. கைக்குட்டைச் சங்கதியில் கோர்ட்டு சிரித்த கோபம் அத்தைக்கு இன்னும் தீரவில்லை, அதனால்தான் சித்தப்பாவை ஒதுக்கிவிட்டாள் என்று நினைத்து அவருக்காக நான் மிகவும் வருத்தப்பட்டேன். அவரோ அன்றைக்குக் கோயில் வாசலில் பொங்கலைத் தின்று முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் துண்டால் நெற்றியைத் துடைத்தார். துண்டைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. அதற்கு அவர் ஏன் அப்படி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார் என்று டிராக்டர் வீடு வந்து சேருகிற வரைக்கும் எனக்குப் புரியவே இல்லை.