ஃபேன் பேரிங்கும் என் காதும்

என் அம்மாவுக்குக் காது போனது ஒரு முனகலில்தான் தொடங்கியது. "உள்ள யாரோ ஊதிக்கிட்டே இருக்காங்கடி" என்பாள். பிறகு அந்த ஊதலைத் தவிர வேறெதுவும் அவளுக்குக் கேட்காமல் போயிற்று. அதனால் போன கோடையில் எனக்கும் ஒரு முனகல் கேட்க ஆரம்பித்ததும் கதிகலங்கிப்போனேன். எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவள் நான். காது போனால் எனக்கு என்ன மிச்சம்?

"ஏங்க, ஏதாவது சத்தம் கேக்குதா?" என்று கணவரிடம் கேட்டேன். ஹால் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சத்தமும் இல்லையே."

சரி, கோளாறு என் காதில்தான் என்று முடிவு கட்டினேன். வெளியே போனால் முனகல் கேட்கவில்லை. முடிச்சூர் ரோட்டு லாரி இரைச்சலில் மறைந்துவிடுகிறது என்று அதற்கும் நானே காரணம் கண்டுபிடித்தேன். தாம்பரத்தில் ஒரு காது டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு, சாப்பாடு இறங்காமல் காத்திருந்தேன்.

டாக்டரைப் பார்க்க வேண்டியதற்கு முந்தின நாள் மதியம் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பேட்டரியும் படுத்துவிட்டிருந்தது. ஃபேன் மெல்ல மெல்ல நின்றது. அதோடு சேர்ந்து என் காதின் முனகலும் தேய்ந்து தேய்ந்து நின்றது. அபார்ட்மென்டே புழுக்கத்தில் புலம்பிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் வியர்வை வழிய உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொன்னேன்.

கரண்ட் வந்ததும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னாக்கா, ஃபேன் இப்படி கத்திகினு கீது?" என்றார். பிரித்து, பழைய பேரிங்கை என் கையில் கொடுத்தார். சுற்றிப் பார்த்தேன், மணல் விழுந்ததுபோல் கரகரத்தது. குண்டுகளில் துரு. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பிசுக்கு, அதில் தேங்காய் எண்ணெய் வாசனை.

எனக்குப் புரிந்துவிட்டது. கிறிஸ்துமஸ் வந்தால் என் கணவர் கண்ணில் பட்டதையெல்லாம் கழுவுவார். போன முறை இந்த ஃபேனை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், ஹோஸ் பைப்பால் போர் தண்ணீரைப் பீய்ச்சியடித்தார். துருப் பிடிக்கக் கூடாதென்று தேங்காய் எண்ணெய் விட்டார். திரும்ப மாட்டும்போது சரியாக உட்காரவில்லை என்று சுத்தியலால் தட்டினார். ஒரு பேரிங்கின் ஆயுளைக் குறைக்கத் தண்ணீர், தூசி, தப்பான எண்ணெய், அடி இவற்றில் ஏதாவது ஒன்றே போதும். இவர் தூசியை மட்டும்தான் விட்டுவைத்திருந்தார்.

"சுத்தமா வச்சிக்கிறது ஒரு தப்பா?" என்றார் கணவர், நான் பேரிங்கை நீட்டியதும்.

"படிக்கட்டு வரைக்கும் கேட்டுச்சே சார், உங்களுக்குக் கேக்கலியா?" என்றார் எலக்ட்ரீஷியன், ஏணிமேல் இருந்தபடி.

"என்ன?" என்றார் என் கணவர்.

அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். கொஞ்ச நாளாக டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனவரும் இவர்தானே! மறுநாள் தாம்பரத்துக்குக் கிளம்பினோம். வாங்கியிருந்த நேரம் அதேதான். நோயாளியின் பெயரை மட்டும் மாற்றச் சொன்னேன். டாக்டர் பார்த்தார். இரண்டு காதிலும் குறும்பி அடைத்துக் கிடந்தது. ஃபேனையே குளிப்பாட்டின மனிதர்! அதை எடுத்துவிட்டு, வேறு கோளாறு எதுவும் இல்லை என்றார் டாக்டர். எனக்கு இரண்டாவது முறையும் போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தவர் திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தார். புதுப் பேரிங்கில் ஃபேன் முனகலின்றி, வெறும் காற்றுச் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடி இது, இப்படிச் சத்தம் போடுது? இந்த பேரிங்கும் போச்சா?"

தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன்.