தலைவலி கேட்டு ஜெபித்தவள்

நோவை எடுத்துப்போடும்படி ஜெபிக்கிறவர்களைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் நோவைத் தாரும் என்று முழங்காலில் நின்றவள். என் மண்டை வலிக்க வேண்டும், பாதித் தலை பிளக்க வேண்டும், நாலு பேர் பார்க்க நான் வாந்தியெடுக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் அழுது கேட்டேன். இதைச் சபையில் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. ஆனாலும் அந்த ஜெபத்துக்கு அவர் பதில் தந்தார். தந்ததை மறைத்து வைத்தால் நன்றிகெட்டவள் ஆகிவிடுவேன்.

என் பெயர் எஸ்தர். குமுளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, சாமுவேலைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தேன். நான் சொல்லப்போவது, மலையெல்லாம் சரிந்த பெருவெள்ளத்துக்கு அடுத்த வருஷம் நடந்தது. அப்போது என் மகள் கைக்குழந்தை. தோட்டத்து வரிசை வீட்டை லயம் என்போம். லயத்தில் ஒரே அறையில் நாங்களும் என் மாமியார் ஞானம்மாளும் குடியிருந்தோம். அவர்களை நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

அத்தைக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. தோட்டம் முழுவதும் அறிந்த தலைவலி அது. வந்தால் இடப்பக்கம் மட்டும் சம்மட்டியால் அடிப்பது போல் இருக்குமாம். சேலைக் கிழிசலால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார்கள். கதவை மூடிவிட வேண்டும். அடுத்த வீட்டில் மீன் பொரித்தால் கூட அத்தைக்குக் குமட்டி வாந்தி வரும். பக்கத்து வீட்டுப் பெண்கள் சுக்கு அரைத்துக்கொண்டு வருவார்கள். ஆபிரகாம் கங்காணி, யாருக்கும் இரங்காத மனிதர், அத்தைக்கு மட்டும் அரைநாள் விடுப்புக் கொடுத்துவிடுவார். ஆட்களைப் பிடித்துவந்து வேலை வாங்குகிறவரும் அவர்தான், சபையில் மூப்பரும் அவர்தான்.

எனக்கு வந்தது அப்படி வரவில்லை. கேடு அங்கேதான் தொடங்கியது.

மிஷன் பள்ளியில் படித்திருந்தபடியால் கோயிலில் வேதபாடம் வாசிக்கிற பொறுப்பு எனக்கு இருந்தது. லயத்துப் பெண்களில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறவள் நான் ஒருத்திதான் என்று எனக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்தது. கீழிருந்து பாதிரியார் வந்து நற்கருணை கொடுக்கிற ஞாயிறு அது. நற்கருணைக்கு முன் பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக்கூடாது என்பது எங்கள் வழக்கம். எழுந்து நின்று வாசிக்கத் தொடங்கினேன். எழுத்துகளுக்கு நடுவே ஒரு புள்ளி மினுங்கியது. செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியை வெயிலில் திருப்பினால் கண்ணில் அடிக்குமே, அப்படி. அது ரம்பப் பல் மாதிரி வளைந்து வளைந்து பெரிதாகி, பாதி வரியை விழுங்கிவிட்டது. வலது கைவிரல்களில் எறும்பு ஊர்ந்தது. அது முழங்கை வரை ஏறி, உதட்டுக்கு வந்து, நாக்குக்கு வந்தது. வாயைத் திறந்தால் நான் நினைத்த வார்த்தை வரவில்லை. ஏதோ கொழகொழவென்று வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பாதிரியார் என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் உட்காராமல் மேலும் உளறினேன்.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் தெளிந்துவிட்டது. கோயில் வாசலில் பெண்கள் சுற்றிக்கொண்டு, தலை வலிக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். வாந்தி வருகிறதா? இல்லை. எங்கேயாவது நோகிறதா? ஒன்றுமில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டாள். வலிக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே தப்பித்திருப்பேன்.

சாராய நாற்றம் அடிக்கிறதா என்று கங்காணி என் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார். அது இல்லை என்றதும் பேச்சு வேறு பக்கம் போனது. வெள்ளத்தில் எங்கள் லயத்துப் பெண் ஒருத்தியை மண் மூடியிருந்தது. அவளுடைய ஆவிதான் என் நாக்கைப் பிடித்தது என்றார்கள். ஞானஸ்நானம் பெற்று, வேதம் வாசித்தவளுக்குள் பிசாசு. அதைக் கேட்டபோது பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்று இருந்தது.

உபதேசியார் இரக்கமுள்ளவர். சபையை நடத்துகிறவர் அவர்தான். எனக்காக ஞாயிறுதோறும் உபவாச ஜெபம் வைத்தார். சனிக்கிழமை சாயங்காலக் கஞ்சியோடு சரி. அதன் பிறகு ஞாயிறு ஆராதனை முடிந்து, பெண்கள் கூடி ஜெபித்து முடிக்கிற வரைக்கும் நானும் அவர்களும் பட்டினி. அந்தப் பெண்களுக்குத் தலைவி என் அத்தை. உபவாசம் என்றால் ஞானம்மாளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உபதேசியாரே சொல்லுவார். அவ்வளவு திடமாக முழங்காலில் நிற்பார்கள்.

நானும் விசுவாசத்தோடுதான் பட்டினி கிடந்தேன். பால் குடிக்கிற பிள்ளை வேறு. வெயில் ஏறுகிற நேரத்துக்கு அந்த வெளிச்சம் வந்துவிடும். கை மரத்துப்போகும், நாக்கு குழறும். என் தலையில் கை வைத்து உபதேசியார் சத்தமாக ஜெபிப்பார். உபவாசத்தின் வல்லமை தாங்காமல் பிசாசு தன்னைக் காட்டுகிறது என்று கங்காணி சொன்னார். வேலை நாட்களில் பழையது தின்றுவிட்டு மலைக்குப் போகிறபோது அது அவ்வளவாக வருவதில்லை. அதையும், கோயில் பிடிக்காத பிசாசு என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது, என்னிடமிருந்து என்னத்தைக் குடிக்கிறதோ என்று பயந்து அதன் நெற்றியில் சிலுவை போட்டேன்.

அத்தையோ என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். பிள்ளையை அத்தை பக்கத்தில் படுக்கவைக்கச் சொன்னார் என் வீட்டுக்காரர். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர்.

கடைசியில், என் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து பறிக்க மாட்டோம் என்று பெண்கள் கங்காணியிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறும் இது தீராவிட்டால், கம்பத்துக்கு இறங்குகிற சாமான் வண்டியில் என்னை ஏற்றி அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. பிள்ளை இங்கேயே இருக்கும். கங்காணி இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து நின்றார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் வேலை முடிந்து விறகு பொறுக்கக் காட்டோரம் போனேன். ஆள் இல்லை என்று நினைத்துச் சருகில் முழங்கால் போட்டேன். அழுகையில் சத்தம் கூடிவிட்டது.

"ஆண்டவரே, எனக்குத் தலைவலி தாரும்" என்று கேட்டேன். "அத்தைக்குத் தந்தது போலத் தாரும். நாலு பேர் நம்புற நோவாத் தாரும். எம்பிள்ளையை விட்டு என்னைப் பிரிச்சிராதிரும்."

எழுந்தபோது புதருக்கு அந்தப் பக்கம் அத்தை நின்றார்கள், இடுப்பில் விறகுக் கட்டோடு. எவ்வளவு கேட்டார்களோ தெரியாது. என் ஜெபத்தைக் கேட்டால் யாரும் காறித் துப்புவார்கள் என்று நினைத்து, வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டேன். கையை எடுத்தபோது அவர்கள் நடந்து போய்விட்டிருந்தார்கள்.

அந்த ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. முன்னால் பாயில் என்னை முழங்கால் போடவைத்து, பெண்கள் சுற்றி நின்றார்கள். என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றார். உபதேசியார் ஜெபத்தைத் தொடங்கினார். பாயின் ஓரத்தில் புள்ளி மினுங்கியது. வந்துவிட்டது என்று தெரிந்ததும் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். பாதிப் பிள்ளைதான் தெரிந்தது. விரல் மரத்தது. கர்த்தாவே என்று கூப்பிடப் போய், வேறென்னவோ வாயில் வந்தது. ஒருத்தி பயந்து பின்வாங்கினாள்.

அப்போது அத்தை எழுந்து வெளியே போனார்கள். தலைவியே போய்விட்டாளே என்று முணுமுணுப்பு எழுந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்கள். கையில் தூக்குச் சட்டி இருந்தது. நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"உபதேசியாரே, ஜெபத்தைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றார்கள். "இவளுக்கு வார அந்த வெளிச்சம் எனக்கும் வரும். ஓரத்துல பல்லுப்பல்லா மினுங்கும். அது போன பொறவுதான் எனக்கு மண்டை இடிக்கும். இவளுக்கு இடிக்கல. எனக்குக் கை மரக்கிறதில்ல, இவளுக்கு மரக்கி. இது பிசாசுன்னா எனக்கும் பிசாசுதான்."

அத்தை சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மேலும் சொன்னார்கள். சின்ன வயதில் ஊரில், வெளிச்சம் தெரிகிறது என்று சொன்ன ஒருத்தியைப் பேயோட்டுகிற கோடாங்கியிடம் கொண்டுபோய் வேப்பங்குழையால் அடித்தார்களாம். அதைப் பார்த்த நாளிலிருந்து தலைவலியை மட்டும் வெளியே சொல்லி, வெளிச்சத்தைச் சொல்லாமல் வைத்திருந்தார்களாம். இதையும் சொல்லிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இன்னொன்னும் உண்டு. பட்டினி கெடந்தா எனக்கு இது தப்பாம வரும். அதனால ஒரு உபவாசத்துக்கும் நான் பட்டினி கெடந்ததில்ல. விடியுமுன்ன ஒரு வாய் பழையதைத் தின்னுட்டுத்தான் உங்க முன்னால வந்து முட்டுப் போட்டேன். இவ உள்ளபடியே பட்டினி கெடந்தா. அதான் இவ விழுந்தா, நான் நின்னேன்."

கங்காணி முன்னால் வந்தார். "இத்தனை வருஷமும் சபையை ஏமாத்துனியா, ஞானம்மா?"

"ஆமா, கங்காணியய்யா."

அத்தை சட்டியைத் திறந்து, பழையதைப் பிசைந்து ஒரு கவளம் உருட்டினார்கள். "வாயைத் தொறடி" என்றார்கள். உபவாச ஞாயிறு, கோயிலுக்குள், அத்தனை பேர் முன்னால் நான் வாயைத் திறந்தேன். உதடு மரத்திருந்ததால் பாதி வழிந்தது. அத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, அடுத்த கவளம் ஊட்டினார்கள்.

உபதேசியார் சட்டியையும் என்னையும் பார்த்தார். பிறகு, "ஆமென்னு சொல்லி முடிச்சிருவோம். எல்லாரும் போயிச் சாப்பிடுங்க" என்றார்.

சாமான் வண்டி நான் இல்லாமல் இறங்கியது. அடுத்த ஞாயிறு நான் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும், பார்க்கலாம் என்றார் கங்காணி. பார்த்தார். அதற்கடுத்த ஞாயிறும் பார்த்தார். நான் எழுந்து வாசித்தேன், ஒன்றும் வரவில்லை. அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நிரையில் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்தார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒருத்தி, தனக்கு மண்டையே வலிக்காது, வண்டியில் போவது போல் எல்லாம் சுற்றும், அன்றைக்கு ஒரு சத்தமும் பொறுக்காது என்று காதோடு சொன்னாள். தன் மகளுக்கு வயிறு வலித்து, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும், இதுவும் அதுதானோ என்று இன்னொருத்தி கேட்டாள். எல்லாம் ஒன்றுதானா என்று எனக்குத் தெரியாது என்றேன். நீங்கள் சொல்வதை நம்புகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அத்தை எனக்கு ஊட்டிய ஞாயிறு சாயங்காலமே என் வீட்டுக்காரர் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் கிடத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. கங்காணி முன்னால் எனக்காகப் பேசாமல் நின்றதற்காகத்தான் அழுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

நான் முற்றும் சுகமானேன் என்று சாட்சி சொன்னால் பொய். இன்றும் எப்போதாவது வரும். வந்தால் கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்துவிடுவேன். அது வந்த வழியே போய்விடும். சுகமானது என் வெட்கம். அதற்கு விலை கொடுத்தவர்கள் அத்தை. உபவாசப் பெண்களுக்கு இப்போது வேறொருத்தி தலைவி. கோயிலில் அத்தை கடைசிப் பாயில்தான் உட்காருகிறார்கள். பழையது ஆயிற்றா ஞானம்மா என்று கேலி செய்கிறவர்கள் இன்னும் உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம், இந்தத் தலைகுனிவு அத்தைக்கு என்னால் வந்ததே என்று நினைத்துக்கொள்கிறேன். அத்தை மட்டும், ஆயிற்று என்று பதில் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அன்பானவர்களே, உங்கள் நோவு ஊரார் அறிந்த நோவைப் போல இல்லாவிட்டால் பயப்படாதிருங்கள். என்ன கேட்பது என்று தெரியாவிட்டாலும் கேளுங்கள். நான் புத்தியில்லாமல் கேட்டேன். கேட்ட தலைவலியை அவர் தரவில்லை. புதருக்கு அந்தப் பக்கம் அத்தையைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

வேதபாடம் வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன்னே அத்தை என்னை எழுப்புவார்கள். இப்போது நாங்கள் விளக்கேற்றி வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து போட்டு, ஒரே சட்டியில் பழையது சாப்பிடுகிறோம்.