கொடுத்ததைத் திருப்பிக் கேட்டாள்

கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பது மானங்கெட்ட செயலா? எதிர்வீட்டு அஞ்சலாட்சி முதலியார்பேட்டை முழுக்க அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சொல்லட்டும். என் பேத்தி சிவசங்கரி கேட்டாள்தான். எனக்கு அதில் பெருமைதான். ஏனென்று சொல்கிறேன்.

சின்ன வயதிலிருந்தே சங்கரிக்குக் கேரம் பைத்தியம். சாயங்காலமானால் வாசலில் ஸ்டூல் போட்டுப் பலகையை வைத்துவிடுவாள். சிவப்புக் காய் விழுந்தால் அவள் கூச்சல் தெருக்கோடி வரை கேட்கும். "ஆயா, நீ காய அடிக்கிறியா, தடவிக் குடுக்கிறியா?" என்று என்னைக் கேலி செய்வாள். பால் வாங்கப் போகிறவர்கள்கூட நின்று ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போவார்கள். இன்றைக்கும் காய் தட்டும் சத்தம் எங்கே கேட்டாலும் என் கால் நின்றுவிடும்.

பிறகு டாக்டர் படிப்புக்கென்று லாஸ்பேட்டையில் கோச்சிங். ஞாயிற்றுக்கிழமையும் பரீட்சை. மார்க் குறைந்தால் என் மகன் கமலக்கண்ணன் திட்ட மாட்டான். சாப்பிடாமல் எழுந்து போவான். அதற்குத் திட்டே தேவலை. பிள்ளைக்குப் பேச்சு குறைந்தது, சோறு குறைந்தது. ஒருநாள், காயை அடிக்கிற, யாரையும் தொடவிடாத தன் ஸ்டிரைக்கரை அஞ்சலாட்சியின் மகள் ஹேமலதாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். "இனிமே எனக்கு எதுக்கு ஆயா?"

படிப்பில் புத்தி வந்துவிட்டது என்றார்கள் எல்லோரும். உயிராய் வைத்திருந்ததைத் தூக்கிக் கொடுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து நேராகவே கேட்டேன்.

"செத்துப்போவணும்னு தோணுதாடி?"

"தூங்குனா எழுந்திரிக்காமயே இருந்தா தேவலன்னு தோணுது" என்றாள்.

கமலக்கண்ணன் பதறினான். "நீயே கேட்டு அவ மனசுல ஏத்தாதம்மா. பரீட்ச முடிஞ்சா சரியாயிடும்."

"பரீட்ச எழுத புள்ள இருக்கணும்டா."

அன்றைக்கே மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். இது திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை. நெருக்கடி நாள்பட்டு வந்த மனச்சோர்வு, குணமாகும் என்றார் அந்த டாக்டரம்மா. மாத்திரை கொடுத்தார், வாராவாரம் அவளோடு பேசினார். கோச்சிங்கை நிறுத்தினோம். அவளை நாங்கள் தனியே விடவில்லை. தெருவோ காதல் தோல்வி என்றது.

மாதங்கள் போயின. ஒரு சாயங்காலம் தானாகவே செருப்பை மாட்டினாள்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"ஹேமா வீட்டுக்கு. என் ஸ்டிரைக்கர் எனக்கு வேணும் ஆயா."

"குடுத்தத கேக்க வெக்கமா இல்ல?"

"இல்ல" என்றாள், பழைய சங்கரி மாதிரியே வெடுக்கென்று.

கதவைத் திறந்து தெருவில் இறங்கினாள். நான் ஸ்டூலை எடுத்து வாசலில் போட்டேன்.