இரத்தம் மட்டும் வெளியே போனது

இடது கெண்டைக்கால் வீங்கியபோது நான் இத்தாவில் (கணவர் இறந்தபின் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டிலேயே தங்கியிருப்பது) இருந்தேன். கனமூலை ஊரில் எங்கள் வீட்டு நடு அறை. இரண்டு மாதமாகக் கட்டிலும் தொழுகைப் பாயும்தான்.

கால் ஊன்றினால் உயிர் போனது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். என் மூத்த சகோதரர், காக்கா, வாசலை மறித்தார்.

"இத்தாவில ஈக்கிற பொம்புள வெளிய போனா ஊரு என்ன கதைக்கும்? ரத்தத்த எடுத்து அனுப்புவம். டொக்டர் பாத்துச் செல்லுவாரு."

மருத்துவத்துக்கு வெளியே போக மார்க்கத்தில் தடையில்லை. அது அவருக்கும் தெரியும். ஊர் வாய்க்குப் பயந்தார்.

மதுரங்குளி லேபிலிருந்து ஒரு பிள்ளை வந்து இரத்தம் எடுத்துப் போனாள். டி-டைமர் சோதனை (உறைந்த இரத்தம் கரையும்போது உண்டாகும் துணுக்குகளை அளப்பது). முடிவு 'நோர்மல்', அதாவது கட்டியில்லை. டொக்டர் அதைப் போனில் பார்த்தார். காலைப் பார்க்கவில்லை. எத்தனை நாளாக முடங்கிக் கிடக்கிறேன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. தசைப்பிடிப்பாம். பூசத் தைலம் எழுதினார்.

இரத்தம் எடுத்த பத்தாம் நாள், லுஹர் என்ற மதியத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்யப் போகையில் மூச்சடைத்து விழுந்தேன். அப்போது மட்டும் ஊர் ஞாபகம் யாருக்கும் வரவில்லை. வேனில் தூக்கிப் போட்டார்கள். ஸ்கேனில் காலிலும் நுரையீரலிலும் இரத்தக்கட்டி.

"ஆளைப் பார்த்து, ஆபத்துக் குறைவு எண்டு தெரிஞ்சால்தான் அந்த நோர்மலை நம்பலாம்," என்றார் வார்டிலிருந்த பெண் டொக்டர். "அசையாமல் இருந்திருக்கிறீங்கள், கால் வேற வீங்கியிருக்கு. உங்களுக்கு நேரே ஸ்கேன்தான் செய்திருக்க வேணும்."

சோதனை முடிவு கூடுதலாக வந்தாலும் கட்டி என்று அடித்துச் சொல்ல முடியாதாம்; காய்ச்சலிலும் கர்ப்பத்திலும்கூட அது கூடும். இதை வாசிப்பவர்களே, சோதனைத் தாளை நீட்டி உங்களை அனுப்பிவிடப் பார்த்தால் எழும்பாதீர்கள். காலைக் காட்டுங்கள். வெட்கம் மண்ணாய்ப் போகட்டும்.

நான் யாரையும் மன்னிக்கவில்லை.

இத்தா முடிந்துவிட்டது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தொடர்கிறது. விடிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்திப் பார்ப்பேன். வீக்கம் வடியாத இடத்தில் குழி விழும். அது நிரம்பும்வரை காத்திருப்பதில்தான் என் நாள் தொடங்குகிறது.

நேற்று அந்த நேரத்தில் காக்கா வந்தார். கதிரையில் அமர்ந்து சுவரைப் பார்த்தபடி, "எல்லாம் அல்லாஹ்ட நாட்டம் தங்கச்சி. பேப்பர்லயும் நோர்மல் எண்டுதானே ஈந்திச்சி," என்றார்.

"ஓம். வாசல மறிச்சது நீங்க."

எழும்பப் போனார்.

"இரிங்க காக்கா," என்றேன். "இந்தக் குழி நிரம்புற வரைக்கும் என்ட காலப் பாருங்க."