நட்சத்திரத்துக்குள் ஒட்டிப்போன கடைசி அத்தியாயம்

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின மைதாப் பசை ஆறும்போது ஒரு வாசனை வரும்… எனக்கு டிசம்பர் என்றால் அதுதான்.

சத்தியவேட்டில் எங்கள் பக்கத்து வீடு ரோசம்மா அக்காவுடையது. தர்மாஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், நாங்கள் ஏர் பூட்டுகிறவர்கள். ஆனாலும் குளிர் ஆரம்பித்துவிட்டால் எங்கள் தெருப் பெண்களுக்குச் சாயங்காலம் எல்லாம் அந்த வீட்டில்தான்.

வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை அக்கா வருஷம் முழுக்கக் கிழித்துச் சேர்ப்பார். டிசம்பர் பிறந்ததும் கோணி ஊசியும் சணலுமாக உட்கார்ந்து புத்தகமாகத் தைப்பார். பழைய காலண்டர்தான் அட்டை. அன்றிலிருந்து தினமும் விளக்கு வைத்ததும் வாசிப்பு. நடுவில் கரி கனிந்த குமுட்டி அடுப்பு. சுற்றி ஏழெட்டுப் பேர், போர்வைக்குள். அம்மா வேர்க்கடலை வேகவைத்துக் கொண்டுபோவாள். அக்கா சுக்குக் காப்பி தருவார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கதை முடிந்தாக வேண்டும். அதுதான் வழக்கம்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கதை கேட்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கதாநாயகி கமலா படும் பாட்டை நினைத்து மறுநாள் களை எடுக்கும்போதும் புலம்புவாள்.

எங்கள் ஊர் மதராஸ் ராஜ்யத்திலிருந்து ஆந்திராவுக்குப் போகிறது என்று முடிவான வருஷம் அது. அக்காவின் வீட்டுக்காரர் மதராஸ் பக்கமே இருந்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்து, திருவள்ளூருக்கு மாற்றல் வாங்கிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் பஸ்.

"கதைய முடிச்சிட்டுத்தான் போவணும், ஆமா," என்று அம்மா நாலு தடவை சொல்லிவிட்டாள். அக்கா போய்விட்டால் எங்கள் தெருப் பெண்களில் வாய்விட்டுப் படிக்க வேறு ஆள் கிடையாது.

அந்த வருஷம் வாசலுக்கு ஸ்டார் கட்டும் வேலையை அக்கா என்னிடம் விட்டார். எனக்குப் பத்து வயசு, ஐந்தாம் வகுப்பு. மூங்கில் குச்சி கட்டி, சிவப்புத் தாள் ஒட்டினேன். தாள் மெலிசு, ஒரு பக்கம் பிய்ந்துகொண்டே வந்தது. மேஜைமேல் தனியாகக் கிடந்த பத்திரிகைத் தாள்களை எடுத்து உள்பக்கமாக ஒட்டினேன். ஸ்டார் கெட்டியாக நின்றது. எல்லோரும் மெச்சினார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம். கமலா ஜுரத்தில் கிடக்கிறாள். புருஷன் ரங்கூனில் கப்பலேறிவிட்டான். அக்கா பக்கத்தைத் திருப்பினார்… அட்டை வந்துவிட்டது.

"கடைசி வாரத்துது லேட்டா வந்துச்சு. தைக்காம மேஜ மேலதான வச்சிருந்தேன்…"

எல்லோரும் தேடினார்கள். நான் மட்டும் வாசலில் எரிகிற ஸ்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

"ஏண்டி, இன்னா பண்ண?"

சொன்னேன். அடி விழவில்லை. எதிர்வீட்டு முனியம்மா மட்டும், "சாவக் கெடக்கறவள நட்சத்திரத்துக்குள்ள வச்சு ஒட்டிட்டியேடி," என்றாள்.

"நான்தான் படிச்சிட்டேனேக்கா, சொல்லிடட்டா?" என்று ரோசம்மா அக்கா அம்மாவைக் கேட்டார்.

"வாயால சொன்னா அது நீ சொல்ற கத. படிச்சாத்தான் எனக்கு மனசு ஆறும்."

பண்டிகை முடியாமல் ஸ்டாரை இறக்க முடியாது. மறுநாள் பூராவும் கமலா எங்கள் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தாள். அக்கா கொடுத்த அதிரசத்தைத் தின்னும்போதும் அம்மாவுக்குப் பார்வை அங்கேதான்.

அதற்கும் மறுநாள் விடிந்ததும் ஸ்டாரை இறக்கி, அண்டாத் தண்ணீரில் ஊறவைத்து, தாளை மெதுவாக உரித்தோம். குமுட்டி அனலில் காட்டிக் காயவைத்தோம். மேல்பாதி நன்றாக வந்தது. கீழ்ப்பாதி சிவப்புச் சாயம் இறங்கிக் கூழாகிவிட்டது. எழுத்து அழிந்துபோனது தாள் என் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அக்கா படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"ஒட்டினவளே படிக்கட்டும்," என்றார்.

படித்தேன். கப்பல் கரைக்கு வருகிறது… கமலாவுக்கு ஜுரம் ஏறுகிறது… அப்புறம் வெறும் சிவப்பு. நிமிர்ந்தால் அம்மாவின் முகம்.

நான் நிறுத்தவில்லை. கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல், அதே பத்திரிகைத் தமிழில், ரங்கூன்காரனுக்கு ஒரு குதிரை வண்டி பிடித்துக் கொடுத்தேன். வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தேன். கமலாவுக்கு வியர்த்து ஜுரம் விட்டது. ஒரு டம்ளர் கஞ்சி கூடக் குடித்தாள். 'முற்றும்' என்றேன்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினாள்.

"நெஜமாவா ரோசம்மா? பொழைச்சிக்கினாளா?"

அக்கா முழங்காலால் படுக்கையை அழுத்திக் கயிற்றை இறுக்கினார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"அப்படித்தாங்க்கா போட்டிருந்துச்சு."

இப்போது நான் திருப்பதியில். கல்யாணத்துக்கு அப்புறம் இங்கேயே வந்தாயிற்று, அம்மாவும் எங்களோடுதான். அந்தக் கதை புத்தகமாகவே லைப்ரரியில் கிடைத்தது. கமலா பிழைக்கவில்லை. அம்மாவிடம் நான் சொல்லவில்லை… இத்தனை வருஷமாக என் முடிவைத்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

குமுட்டி போய் ஸ்டவ் வந்துவிட்டது. சுற்றி உட்காரத் தெருவும் இல்லை. டிசம்பர் சாயங்காலங்களில் அம்மாவுக்கும் என் ஐந்து வயசு மகளுக்கும் நான்தான் படிக்கிறேன். குளிர் பட்டாலே குழந்தைக்கு இழுப்பும் ஜுரமும் வரும். அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே என் கை தேய்ந்துவிடும் போலிருக்கிறது. எதற்கெடுத்தாலும் பயம் எனக்கு. ஆனால் புத்தகத்தில் யாருக்காவது ஜுரம் வந்தால் பயப்படுவதில்லை. பிழைக்க வைத்துவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தெலுங்குதான். தமிழ் எழுத்து நான் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. சொல்லிக்கொடுத்துவிட்டால் என் குட்டு உடைந்துவிடும்.

ஆனாலும் தினமும் நாலு எழுத்து. 'ப' வரிசை வரைக்கும் வந்துவிட்டோம்.